கொண்டோ இயக்குநர் சபை உரிமையாளரைக் கேட்காமல் பாதுகாப்புத் தடுப்பு அமைக்கலாமா?

கேள்வி (கல்லடி, மட்டக்களப்பு):
இருபத்தாறு ஆண்டுகள் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள ஸ்காபரோவில் வேலை செய்துவிட்டு ஊரோடு வந்துவிட்டேன். அங்குள்ள என் கொண்டோ வீட்டில் (வீடு தனித்தனி உரிமையாளருக்கும், பொது இடங்கள் எல்லோருக்கும் கூட்டாகவும் சொந்தமான கட்டடத்தில்) ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. கடந்த மாதம் வாகனத் தரிப்பிட வாயிலில் தடுப்புக் கம்பமும், பின்பக்க நடைபாதையில் இரும்புச் சுழல்கதவும் பூட்டியிருக்கிறார்கள். கூட்டமும் இல்லை, கடிதமும் இல்லை. வாடகைக்கு இருப்பவரின் தாயார் சக்கர நாற்காலியில் செல்பவர். மகன் நாடா பிடித்து அளந்து படம் அனுப்பியிருந்தார்: நாற்காலியின் அகலம் 66 சென்ரிமீற்றர், கதவின் இடைவெளி 61. பஸ் தரிப்பிடத்துக்கு அந்த வழியால் போய்வந்தவர், இப்போது கட்டடத்தைச் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது. களவு நடந்ததால் செய்தோம் என்கிறது சபை. எங்கள் பொது இடத்தில் எங்கள் காசில் இதைச் செய்ய அவர்களுக்கு அதிகாரம் உண்டா?

பதில் 1 (ஸ்காபரோ, சொந்த ஊர் களுவாஞ்சிகுடி):
ஐயா, நான் எங்கள் கட்டடச் சபையில் ஆறு ஆண்டுகள் இருந்தவன். ஒன்ராறியோவின் 1998 ஆம் ஆண்டுக் கொண்டோமினியம் சட்டத்தின் 97 ஆவது பிரிவுதான் இதற்குரியது. பொதுப் பகுதியில் மாற்றம் செய்வதென்றால் உரிமையாளருக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். 30 நாட்களுக்குள் கூட்டம் கோரும் உரிமை உங்களுக்கு உண்டு. செலவு ஆண்டுப் பொதுச் செலவுத் திட்டத்தின் 10 சதவீதத்தைத் தாண்டும் பெரிய மாற்றமென்றால், மூன்றில் இரண்டு பங்கு வீடுகளின் வாக்கு தேவை. ஆனால் அந்த இடத்தைப் பயன்படுத்துவோரின் பாதுகாப்புக்கு, அல்லது சொத்துக்கு உடனடியாக வரக்கூடிய சேதத்தைத் தடுக்க அவசியம் என்று சபை கருதினால், அறிவித்தல் இல்லாமலே தீர்மானம் எடுத்துச் செய்ய அதே பிரிவு இடம் கொடுக்கிறது. உங்கள் சபை பிடித்திருப்பது இந்தக் கொப்பைத்தான். அப்படிக் கருதுவதற்கு நேர்மையான அடிப்படை இருக்க வேண்டும். 37 ஆவது பிரிவு இயக்குநர்களிடம் நல்லெண்ணத்தையும் கவனத்தையும் கேட்கிறது. ஆகவே தீர்மானம் எடுத்த கூட்டக் குறிப்பையும் செலவு விபரத்தையும் 55 ஆவது பிரிவின் கீழ் எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால், 2017 முதல் இயங்கும் கொண்டோமினியம் அதிகாரசபைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். குறிப்பில் களவைப் பற்றி ஒரு வரியும் இல்லையென்றால் உங்கள் பக்கம் மிகவும் வலுக்கும்.

பதில் 2 (மட்டக்களப்பு நகரம்):
அண்ணன் சொன்னது சரி. ஆனால் அதிகாரம் இருந்ததா என்பதை விட, அந்த அம்மா எப்படி வெளியே போவார் என்பதை முதலில் எழுப்புங்கள். சபைக்கு அதிகாரம் இருந்ததாகவே வைத்துக்கொண்டாலும், ஒன்ராறியோ மனித உரிமைக் கோவை அதற்கு மேல் நிற்கிறது. மாற்றுத்திறனாளிக்கு ஏற்ற வழியைச் செய்து கொடுக்கும் கடமை கொண்டோவுக்கும் உண்டு. கதவை அகற்றச் சொல்வதற்குப் பல மாதங்கள் போகலாம், பக்கத்தில் அகலமான தனிக்கதவு கேட்பதற்கு ஒரு கடிதம் போதும். வாடகைக்கு இருப்பவரும் தன் பெயரில் எழுதட்டும், இடையூறு அவருக்குத்தான்.

இன்னொன்று. உரிமையாளர் பதிவேட்டில் உங்கள் பெயரும் ஒன்ராறியோ முகவரியும் ஒழுங்காக இருக்கின்றனவா? கூட்டம் கோர, அந்தப் பதிவேட்டில் உள்ள, குறைந்தது 15 சதவீத வீடுகளின் உரிமையாளர்கள் கையொப்பமிட வேண்டும். மாதக் கட்டணம் 30 நாட்களோ அதற்கு மேலோ நிலுவையில் இருந்தால் வாக்குரிமையும் இல்லை.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. கட்டணம் நிலுவையில் இல்லை. பதிவேட்டில் இருப்பது நான் விட்டுவந்த பழைய முகவரி. அதை மாற்றும் கடிதமும் பதிவுகள் கோரும் படிவமும் இன்றே அனுப்புகிறேன். அகலக்கதவுக்கான கடிதத்தை அந்த மகன் எழுதிக்கொண்டிருக்கிறார், அளந்த படத்தையும் அதனுடன் இணைக்கச் சொல்லியிருக்கிறேன்.