கோடை விடுமுறையில் காலநிலை ஆராய்ச்சி: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

அண்ணா, அக்கா எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஊர் ஏற்காடு. சேலத்தில் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் வருஷம் படிக்கிறேன்.

மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் இரண்டு மாதக் கோடை ஆய்வுத் திட்டத்துக்குப் போன தடவை மார்ச்சில் விண்ணப்பிக்கப் போனேன். முந்தின வருஷக் கடைசியிலேயே கதவை மூடிவிடுவார்களாம்! இந்தத் தடவை விடக் கூடாது.

என்னிடம் இருப்பது தாத்தாவின் நோட்டு. காபித் தோட்டத்தில் மழைமானி வைத்து இருபது வருஷமாக மில்லிமீட்டர் கணக்கு எழுதியிருக்கிறார். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழுந்தால் பத்து நாளுக்குள் செடி வெள்ளையாகப் பூத்துவிடும். மழை தள்ளிப்போனால் காய்ப்பு அடிவாங்கும். அந்த முதல் மழையின் தேதி நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க ஆசை. ஒரே தோட்டத்துக் கணக்கை ஆராய்ச்சிக்காரர்கள் மதிப்பார்களா?

புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம், பெங்களூரு ஐஐஎஸ்சி (இந்திய அறிவியல் கழகம்) மாதிரி இடங்களில் பேராசிரியர்களுக்கு நேராக மின்னஞ்சல் அனுப்பி யாருக்காவது இடம் கிடைத்திருக்கிறதா? என்ன எழுதினீர்கள்? பைத்தான் நிரல்மொழி சுமாராகத் தெரியும். காலநிலைத் தரவுகளைச் சேமித்து வைக்கும் நெட்சிடிஎஃப் கோப்பைத் திறந்தால்தான் முழிக்கிறேன்.

தங்க இடம் தருவார்களா என்றும் சொல்லுங்கள். அம்மா கேட்கும் முதல் கேள்வி அதுதான்.