மட்டன் கொத்துக்கறியில் போலோனீஸ் சாஸ் செய்யலாமா? குக்கர் சரிப்படுமா?

வேளச்சேரிக்காரி:
பாஸ்தாவுக்கு ஊற்றுகிற அந்த இத்தாலிய கறி சாஸை, ஹோட்டலில் கிடைக்கிற சிவப்புத் தண்ணீர் மாதிரி இல்லாமல், மணிக்கணக்கில் கொதிக்கவிட்டுச் செய்வதை இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் செய்யப் போகிறேன். ஆறு பேர், அதில் இரண்டு சின்னப் பிள்ளைகள். எங்கள் வீட்டில் மாட்டுக்கறி, பன்றிக்கறி இரண்டும் கிடையாது, அதனால் மட்டன்தான். ஒயின் வாங்கி வந்தால் மாமியார் என்னையும் சேர்த்து வெளியே அனுப்பிவிடுவார். வீடியோ பார்த்தால் ஒருத்தர் ஒரு கிலோ தக்காளி போடுகிறார், இன்னொருத்தர் பால் ஊற்றுகிறார், ஒருத்தர் பூண்டே கூடாது என்று சண்டைக்கு வருகிறார். இந்த வெயிலில் மூன்று மணி நேரம் அடுப்படியில் நிற்கணுமா, குக்கரில் நாலு விசில் விட்டால் ஆகாதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மந்தைவெளி அடுப்பு:
மட்டனில் தாராளமாகச் செய்யலாம். ஆனால் கடையில் ஏற்கெனவே அரைத்து வைத்திருக்கிற கொத்துக்கறியை வாங்காதீர்கள். முன்தொடை, கழுத்துப் பக்கம் கறியைக் காட்டி, கொஞ்சம் கொழுப்போடு கரகரப்பாகக் கொத்தித் தரச் சொல்லுங்கள். ஆடு அதிகம் வேலை வாங்குகிற அந்த இடங்களில் சவ்வு நிறைய இருக்கும், மெதுவாக வேகும்போது அதுதான் கரைந்து ஜெலட்டினாகி சாஸுக்கு அந்த வழவழப்பைத் தரும். கொழுப்பே இல்லாத பின்தொடைக் கறியை மூன்று மணி நேரம் வேகவைத்தால் மரத்தூள் மாதிரிதான் வரும், எத்தனை தக்காளி ஊற்றினாலும் காப்பாற்ற முடியாது.

அப்புறம், நம் வீடுகளில் கொத்துக்கறியை அலசி அப்படியே சட்டியில் கொட்டுவோம் இல்லையா, அது இதற்கு ஆகாது. அலசித்தான் ஆகணும் என்றால் வடிகட்டியில் போட்டு நன்றாக ஒட்ட வடிய விடுங்கள். அகலமான சட்டியில் பாதிப் பாதியாகப் போட்டு வதக்குங்கள். முதலில் தண்ணீர் விட்டுக்கொண்டு சளசளவென்று கொதிக்கும், அப்போது கறி வெறுமனே வேகிறது, அவ்வளவுதான். அந்தத் தண்ணீர் முழுக்க வற்றி, சத்தம் மாறி, பொரிகிற ஓசை வந்த பிறகுதான் நிறமும் மணமும் ஏறும். சட்டியின் அடியில் பழுப்பாக ஒட்டுவதைச் சுரண்டி எடுத்து எறிந்துவிடாதீர்கள், பாதி ருசி அதில்தான் இருக்கிறது.

வெங்காயம், கேரட், செலரி மூன்றையும் பொடிப்பொடியாக நறுக்கி, தனியாகச் சிறு தீயில் வதக்கிக்கொள்ளுங்கள். செலரி பெரிய பழமுதிர் கடைகளில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள், அதற்குப் பதிலாகக் கொத்தமல்லித் தண்டு போடாதீர்கள், பாதை மாறி ஆம்பூருக்குப் போய்விடும்.

பூண்டு வேண்டாம்:
நான் அந்தச் சண்டைக்கு வருகிற கோஷ்டி. இத்தாலியச் சமையல் அகாதெமி 1982 அக்டோபர் 17 அன்று போலோன்யா நகர வணிகச் சபையில் இந்தச் செய்முறையைப் பதிவு செய்து வைத்தது, 2023இல் அதைப் புதுப்பித்தார்கள். புதியதில் 400 கிராம் மாட்டுக்கறிக்கு 150 கிராம் பன்றி வயிற்றுக் கொழுப்புக்கறி, வெங்காயம் கேரட் செலரி ஒவ்வொன்றும் 60 கிராம், தக்காளிக்கூழ் வெறும் 200 கிராம், கூடவே ஒரு கரண்டி கெட்டித் தக்காளி விழுது. பூண்டு இல்லை. இது தக்காளி சாஸில் கறி போட்டது அல்ல, கறி சாஸில் கொஞ்சம் தக்காளி. வீடியோக்காரர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

அந்தக் கணக்கில் உங்கள் வீட்டில் மாடும் இல்லை பன்றியும் இல்லை, சரி, அது உங்கள் வீட்டு ராகூ (இத்தாலியில் இந்த மாதிரி கறி சாஸுக்கு அதுதான் பெயர்), போலோன்யாக்காரர்கள் யாரும் வேளச்சேரிக்கு வந்து பார்க்கப் போவதில்லை. அந்தக் கொழுப்புக்கறிக்கு ஈடாக ஆட்டுக் கொழுப்பைக் கொஞ்சம் கூடுதலாக உருக்கிக்கொள்ளுங்கள், கூடவே ஒரு கரண்டி வெண்ணெய். தக்காளியில் நாட்டுத் தக்காளி வேண்டாம், புளிப்பு தூக்கும். பெங்களூர்த் தக்காளி நன்றாகப் பழுத்ததாகப் பார்த்து, வெந்நீரில் போட்டுத் தோலுரித்து அரையுங்கள்.

ஒயின் இல்லாவிட்டால் சாஸ் கெட்டுப்போகாது. நல்லி எலும்பு போட்டு வேகவைத்த தண்ணீரை ஊற்றி அந்த அடிப்பிடித்த பழுப்பைக் கரைத்துக்கொள்ளுங்கள், புளிப்புக்குத் தக்காளி இருக்கிறது. பால் விஷயத்தில் பயப்பட வேண்டாம், கொழுப்பு எடுக்காத பாலைக் காய்ச்சி, சாஸ் பாதி வெந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். தக்காளியின் புளிப்பை அது மட்டுப்படுத்தும், மட்டன் வாடையும் அடங்கும். ஒரேயடியாக ஊற்றினால் திரிதிரியாகத் தெரியலாம், ஆனால் வேக வேகக் கலந்துவிடும்.

பெரம்பூர் குக்கர்:
மேலே உள்ளவர்கள் யாரும் குக்கர் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை, மூன்று மணி நேரம் நிற்கிறவர்களுக்கு நம் கஷ்டம் தெரியாது. குக்கர் ஆகும். விசில் வந்தபின் சிறு தீயில் 25 நிமிடம், உள்ளே 120 டிகிரி பக்கம் போவதால் சவ்வு சீக்கிரம் கரைந்துவிடும். ஆனால் மூடியிருக்கும்போது தண்ணீர் வற்றாது, அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எனவே திறந்த பிறகு இன்னொரு 40 நிமிடமாவது மூடாமல் சிறு தீயில் வற்றவிடணும், பாலையும் அப்போதுதான் சேர்க்கணும். கெட்டிச் சாஸ் என்பதால் குக்கரில் அடி பிடிக்கும், மூடும் முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர் கண்டிப்பாக.

குக்கர் வேண்டாம், சட்டியிலேயே செய்கிறேன் என்றால் பழைய இரும்பு தோசைக்கல்லை அடுப்பில் வைத்து அதன் மேல் சட்டியை வையுங்கள். கேஸ் அடுப்பின் சின்ன பர்னரே இதற்குக் கொஞ்சம் அதிகம், கல் இருந்தால் நடுவில் எப்போதாவது ஒரு குமிழி மட்டும் மெதுவாக எழும்பும். பக்கத்திலேயே நிற்க வேண்டியதில்லை, பத்து பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அடியோடு கிளறினால் போதும்.

வேளச்சேரிக்காரி:
நன்றி எல்லோருக்கும். குக்கரும் தோசைக்கல்லும் கலந்தே செய்துவிடுகிறேன். ஒரே சந்தேகம், பிள்ளைகளுக்கு உறைப்பு வேண்டாம், ஆனால் பெரியவர்களுக்குச் சப்பென்று இருக்குமே, கரம் மசாலா ஒரு சிட்டிகை?

மந்தைவெளி அடுப்பு:
வேண்டாம். ஜாதிக்காய் துளி துருவிப் போடுங்கள், மேலே மிளகுத்தூள் அவரவர் தட்டில். சப்பென்று இருந்தால் பெரும்பாலும் உப்புதான் குறைவாக இருக்கும், ஆனால் வற்றியபின் பார்த்துப் போடுங்கள். முடிந்தால் சனிக்கிழமை இரவே செய்து, ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள், மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். நம் ஊர் வெயிலில் ராத்திரி முழுக்க அடுப்பு மேடையில் விட்டு வைக்காதீர்கள்.

பூண்டு வேண்டாம்:
ஸ்பகெட்டியை விட அகலமான நாடா பாஸ்தா வாங்குங்கள், இந்தக் கறி அதில்தான் ஒட்டும். ஆறு பேருக்கு அரை கிலோ போதும். பாக்கெட்டில் போட்டிருக்கிற நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே வடித்து, அந்த வடித்த தண்ணீரில் ஒரு கரண்டி விட்டுச் சாஸிலேயே புரட்டுங்கள், வெள்ளைப் பாஸ்தா மேல் குழம்பு ஊற்றுகிற மாதிரி பரிமாறாதீர்கள்.