மொரீஷியஸ் தேர்தல்: சாகோஸைத் தருவதாக பிரிட்டன் அறிவித்தும் எதிரணிக்கு 60–0 எப்படி?

ரோஸ்ஹில்வாசி:
சாகோஸ் தீவுகளின் இறையாண்மையை மொரீஷியஸுக்கு விட்டுத்தருவதாக பிரிட்டன் அறிவித்தது 2024 அக்டோபர் 3. மறுநாளே நாடாளுமன்றம் கலைப்பு. ‘தீவை மீட்டவர்’ என்ற பேரோடு இறங்கிய அப்போதைய பிரதமர் பிரவிந்த் ஜக்நாத், நவம்பர் 10-ல் சொந்தத் தொகுதியிலேயே தோற்றார். அந்தப் பேர் ஏன் எடுபடவில்லை? ஓட்டுக் கணக்கும் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

கடலோரம்:
அதே அறிவிப்பில்தான் சாகோஸில் உள்ள டியேகோ கார்சியா ராணுவத் தளம் 99 ஆண்டு தொடரும் என்றும் இருந்தது. எவ்வளவு பணம் என்று மட்டும் இல்லை. மீட்டதா, குத்தகைக்கு விட்டதா என்று கேட்க எதிரணிக்கு அது போதும். ஆனால் தேர்தலில் ஜெயித்த எதிரணித் தலைவர் ராம்கூலம் பிரதமராக வந்து மறுபடி பேசி, 2025 மே 22-ல் ஒப்பந்தம் கையெழுத்தானபோதும் 99 அசையவில்லை. ஆண்டுக்குச் சராசரி 10.1 கோடி பவுண்டு என்ற தொகை மட்டும் வெளியே வந்தது.

மோக்காக்காரன்:
சாகோஸை விடுங்க, கவிழ்த்தது மீசைதான். ‘மிஸ்யே முஸ்தாஸ்’ (மீசைக்காரர்) என்ற பேரில் அரசியல்வாதி, போலீஸ், பத்திரிகையாளர் என்று பலருடைய போன் பேச்சும் அக்டோபரில் வரிசையாக வெளியானது. பிரதமர் தரப்பு ‘ஏஐ வேலை’ என்றது. நவம்பர் 1-ல் சமூக ஊடகம் முழுக்க முடக்கம், 11 வரைக்கும் என்று உத்தரவு. சொன்ன காரணம் தேசப் பாதுகாப்பு. ஓட்டுப்பதிவோ 10-ந் தேதி! ஒரே நாளில் முடக்கத்தை விலக்கினார்கள். பேச்சைக் கேட்காதவனும் ‘அதில் என்னதான் இருக்கு’ என்று தேடிப்போய்க் கேட்க அந்த ஒரு நாளே போதாதா?

ரோஸ்ஹில்வாசி:
சரி, அதிருப்தி புரியுது. ஒரு இடம்கூடவா மிஞ்சாது?

எண்கணக்கு:
நேரடித் தேர்தலில் மிஞ்சாது. பெரிய தீவான மொரீஷியஸில் 20 தொகுதி, தொகுதிக்கு 3 இடம். சீட்டில் சரியாக மூன்று பேருக்குக் குறி போடணும். இரண்டு போட்டாலும் நான்கு போட்டாலும் செல்லாது. அதனால் பெரும்பாலோர் ஒரே கூட்டணியின் மூவருக்கும் சேர்த்தே போடுகிறார்கள். 2019-ல் மும்முனைப் போட்டி, சுமார் 37% ஓட்டிலேயே 62-ல் 38 இடம் ஜக்நாத்துக்கு. 2024-ல் எதிர்ப்பு ஓட்டு ஒரே பக்கம் சாய, 60-ம் போச்சு. மீதி 2 நாட்டின் இன்னொரு தீவான ரோட்ரிக்ஸுக்கு. அது அந்தத் தீவுக் கட்சிக்கு.