பாட்டு வெளிவரும் முன்பே கேட்டவர்கள்: அனுபவப் பகிர்வு

பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லாமல், தாங்களே எழுதி, தாங்களே மெட்டுப் போட்டு, சின்ன அரங்குகளில் வாசிக்கும் உள்ளூர்க் குழுக்களை ஏழு வருஷமாக விடாமல் கேட்டு வருகிறேன். அதில் நடந்த ஒரு விஷயத்தை எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. படித்துவிட்டு உங்களுடையதையும் சொல்லுங்கள்.

அந்தக் குழுவில் நான்கு பேர். வேறொரு குழுவைக் கேட்கப் போன இடத்தில்தான் அவர்களை முதலில் பார்த்தேன். அன்றைக்கு மேடையேறிய மூன்று குழுக்களில் இவர்கள் முதலில். அரங்கில் இருபது பேர் இருந்திருப்போம், அதிலும் பாதிப் பேர் அடுத்து வாசிக்க வேண்டியவர்கள். கடைசிப் பாட்டுக்கு முன்னால் பாடகி, "இது இன்னும் முடியவில்லை, இருக்கும் வரைக்கும் பாடுகிறேன்" என்றார். விற்றுவிட்ட வீட்டின் சாவி இன்னும் பையிலேயே கிடப்பதைப் பற்றிய பாட்டு. பல்லவிக்கு வார்த்தை இருந்தது, முதல் சரணத்துக்கு இருந்தது. இரண்டாவது சரணம் முழுக்க வெறும் "ன ன னா"தான். ஆனால் அந்த இடத்தில் மெட்டு மேலே ஏறி, இறங்காமல் அப்படியே நின்ற விதம் என்னை விடவில்லை. மறுநாள் வேலைக்கு நடுவே என் வாய் அதையே முனகிக்கொண்டிருந்தது.

அடுத்த இரண்டு வருஷத்தில் அந்தப் பாட்டைப் பதினொரு முறை நேரில் கேட்டேன். மூன்றாவது முறை இரண்டாம் சரணத்துக்கு வார்த்தை வந்துவிட்டது. ஐந்தாவது முறை வேகத்தைக் குறைத்திருந்தார்கள். டிரம்மர் குச்சியை வைத்துவிட்டு, டிரம்ஸை மெதுவாக வாசிப்பதற்கென்றே இருக்கும் தூரிகையால் வாசித்தார், பாட்டே வேறு ஆளாகிவிட்டது. ஏழாவது முறை, யாரும் எதிர்பார்க்காமல், மூன்றாவதாக ஒரு சரணம். வீட்டை வாங்கியவர் கதவைத் திறக்கிறார், சாவி வைத்திருப்பவர் எதிர்ப்பக்கம் நின்று பார்க்கிறார். நான்கே வரி. அன்றைக்கு என் போனில் பதிவு செய்தேன்.

பிறகு பாட்டு வெளியானது. இணையத்திலும், கூடவே 7 அங்குல இசைத்தட்டாகவும். மூன்றாவது சரணம் இல்லை. நிகழ்ச்சி முடிந்து, வாசலில் மேசை போட்டு அவர்களே இசைத்தட்டு விற்றுக்கொண்டிருந்தபோது கேட்டுவிட்டேன். பேஸ் கிட்டார் வாசிப்பவர் பொறுமையாக விளக்கினார். 7 அங்குலத் தட்டு நிமிஷத்துக்கு 45 சுற்று சுழல்வது, ஒரு பக்கத்தில் சுமார் நாலரை நிமிஷம்தான் நல்ல சத்தத்தோடு ஏறும். அதற்கு மேல் திணித்தால் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும், சத்தம் குறையும், இரைச்சல் மேலே தெரியும். பாட்டு ஆறு நிமிஷத்தைத் தொட்டிருந்ததால் ஏதாவது ஒன்று போக வேண்டியிருந்ததாம். சரி என்று வந்துவிட்டேன். ஆனால் வீட்டில் அந்தத் தட்டைப் போடும்போதெல்லாம் இரண்டாம் சரணம் முடிந்ததும் என் மனசு அடுத்ததைத் தானாகவே பாட ஆரம்பித்துவிடும்.

ஒரு வருஷம் கழித்து, வேறொரு குழுவின் நிகழ்ச்சியில் பாடகி என்னிடம் வந்தார். "இடது பக்கம் முன்வரிசையில் நிற்பவர் நீங்கள்தானே?" என்றார். முழு ஆல்பம் செய்கிறார்களாம், அந்தப் பாட்டை முழு நீளத்தில் சேர்க்க ஆசையாம். மூன்றாவது சரணத்தை நான்கு முறைதான் மேடையில் பாடியிருக்கிறார், எழுதி வைத்த போன் தொலைந்துபோனது, இரண்டு வரிதான் நினைவில் நிற்கிறது. "உங்களுக்கு ஏதாவது ஞாபகம் இருக்கிறதா?"

நான் போனை எடுத்து அந்தப் பதிவைக் கொடுத்தேன். நடைவழியில் சுவரோரம் நின்று, ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டார். வார்த்தைகளைக் குறித்துக்கொண்டார். அப்புறம் முதலிலிருந்து மறுபடி ஓட விட்டு, மூன்றாம் சரணத்தின் கடைசி வரியில் நிறுத்தினார். அங்கே பின்னாலிருந்து ஒரு குரல் மெலிதாகச் சேர்ந்து பாடுவது கேட்கிறது. பழைய டிரம்மர். அவர் அதற்குள் குழுவை விட்டு வெளிநாடு போயிருந்தார். "அவன் பாடினான் என்றே எனக்குத் தெரியாது" என்றார். அந்த இடத்தை மூன்று முறை கேட்டார்.

* * *

படித்து முடித்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும், நான் கீபோர்டு வாசிக்கிறவன்.

முடியாத பாட்டை மேடையில் வைப்பது நம்பிக்கையால். இருபது பேர் முன்னால் தடுமாறலாம், வார்த்தை மறந்து நிற்கலாம் என்ற தைரியம் அந்தச் சின்ன அறையில் மட்டும்தான் கிடைக்கும். எங்கள் பாட்டு ஒன்று அப்படித் தடுமாறியபோது யாரோ எடுத்த காணொளி வெளியே போய்விட்டது. ஸ்டூடியோவில் ஒழுங்காகப் பதிவு செய்து வெளியிடும்போது, பெயரைத் தேடினால் முதலில் வருவது அந்தக் காணொளிதான். சுருதி விலகிய அந்த ஒரு நிமிஷத்தைக் கேட்டவர்கள் பாட்டை அத்தோடு விட்டுவிட்டார்கள். அதற்கப்புறம் ஆறு மாதம் நாங்கள் புதுப் பாட்டு எதையும் மேடையில் வைக்கவில்லை. அதாவது, ஆறு மாதம் எங்களைத் தொடர்ந்து கேட்க வந்தவர்களுக்கும் புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லை.

பதிவு செய்யாதீர்கள் என்று சொல்லவில்லை. எடுங்கள், உங்களிடமே வைத்திருங்கள். முடிந்தால் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

* * *

முதலில் எழுதியவன்தான். நீங்கள் சொல்வது நியாயம். அந்தப் பதிவை நான் யாருக்கும் அனுப்பியதில்லை, ஆனால் எடுக்கும்போது யாரிடமும் கேட்கவும் இல்லை. என்னிடம் இப்படி முப்பதுக்கு மேல் கோப்புகள் இருக்கின்றன. ஒவ்வொரு குழுவுக்கும் எழுதிக் கேட்கப்போகிறேன்.

* * *

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த இரண்டு குழுக்களைப் பற்றிச் சொல்கிறேன், இரண்டுமே பதிவுக்கு ஒரு ஒழுங்கு கொண்டுவந்தவை. கிரேட்ஃபுல் டெட் 1984-இல் பதிவு செய்ய வருகிறவர்களுக்கென்றே அரங்கில் தனி இடம் ஒதுக்கினார்கள், மேடையிலிருந்து வரும் ஒலிகளைக் கலந்து சமன் செய்யும் மிக்ஸருக்குப் பின்னால். யார் பதிவு செய்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும், மற்றவர்களின் பார்வையை மறைப்பதும் இல்லை. வாஷிங்டனின் ஃபுகாஸி இன்னொரு வழி. 1987-இலிருந்து 2002 வரை ஆயிரம் நிகழ்ச்சிகளை ஒட்டி வாசித்தார்கள். அவற்றில் 800-க்கு மேற்பட்டவற்றை அவர்களுடைய ஒலிப்பதிவாளர்களே பதிவு செய்து வைத்திருந்தார்கள். 2011 முதல் அவற்றை ஒவ்வொன்றாக இணையத்தில் வெளியிட ஆரம்பித்தார்கள். வார்த்தை மறந்தது, நடுவில் நிறுத்திக் கூட்டத்தோடு பேசியது எல்லாம் அதில் உண்டு. தடுமாற்றத்தை வெளியே விடுவதா என்பதை அவர்களே முடிவு செய்தார்கள், கீபோர்டு நண்பர் கேட்பதும் அதைத்தான் என்று எனக்குப் படுகிறது.

* * *

நான் சின்ன அரங்குகளில் ஒலி அமைப்பு செய்கிறேன், பன்னிரண்டு வருஷமாக. அந்த டிரம்மரின் குரல் பற்றிப் படித்ததும் எழுந்து கொஞ்சம் நடந்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

ஏனென்றால், நான் அன்று மிக்ஸரிலிருந்து பதிவு செய்திருந்தால் அந்தக் குரல் அதில் இருந்திருக்காது. நூறு பேர் கொள்ளும் அறையில் டிரம்ஸும் கிட்டாரின் ஒலிபெருக்கிப் பெட்டியான ஆம்பும் தாங்களாகவே போதுமான சத்தம் போடும். அவற்றை ஸ்பீக்கருக்கு நான் அனுப்புவது கொஞ்சமே, சில நாள் அனுப்புவதே இல்லை. மிக்ஸர் வழியாகப் போவது பெரும்பாலும் பாடகரின் குரல். அதனால் மிக்ஸர் பதிவைக் கேட்டால் வெற்றறையில் ஒருவர் தனியாகப் பாடுவது போல இருக்கும். மைக் இல்லாமல் டிரம்ஸுக்குப் பின்னால் ஒருவர் பாடியதை முன்வரிசையில் நீட்டிய போனால்தான் பிடிக்க முடியும். அறையில் உண்மையில் என்ன நடந்தது என்பதற்கு அந்தப் போன்தான் சாட்சி.

இன்னொன்று, நிகழ்ச்சிக்கு வருகிறவர்கள் பலருக்குத் தெரியாது. ஆளில்லாத அறையில் சவுண்ட் செக் செய்யும்போது எல்லாம் கணீரென்று எதிரொலிக்கும். கூட்டம் வந்து நின்றதும் உடம்பும் துணியும் மேல் சுருதி ஒலிகளை உறிஞ்சிவிடும், பேஸ் எனும் கீழ் சுருதி ஒலி அவ்வளவாகக் குறையாது. முதல் பாட்டு முழுக்க நான் குரலைத் தேடிக்கொண்டிருப்பேன். அதனால்தான் முதலில் வாசிக்கும் குழுவுக்கு எப்போதும் அநியாயம் நடக்கிறது. அவர்கள் வாசிப்பது பாதி காலியான அறையில், கூட்டம் வரவர மாறிக்கொண்டே இருக்கும் ஒலியில். அவர்களைச் சீக்கிரம் எடைபோட்டுவிடாதீர்கள்.

எங்கள் அரங்குக்கு ஒரு பெரியவர் தவறாமல் வருவார். மிக்ஸருக்குப் பக்கத்தில் வந்து நிற்பார், பேச மாட்டார். இரண்டு வருஷம் தலையசைப்போடு சரி. ஒருநாள் இடைவேளையில் தன் இரண்டு காதிலும் இருந்த அடைப்பான்களை எடுத்துக் காட்டினார். இருபத்தைந்து வயசில் ஸ்பீக்கர் முன்னால் நின்றே இசை கேட்டவராம். இப்போது இடது காதில் எந்நேரமும் ஒரு விசில் சத்தம், தூங்கும்போதும். "நல்ல அடைப்பான் வாங்கச் சொல்லுங்கள் இந்தப் பிள்ளைகளை" என்றார். அமெரிக்காவின் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷின் கணக்குப்படி 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும், 100 டெசிபலுக்கு 15 நிமிஷம்தான். சின்ன அறையில் டிரம்ஸ் இருந்தால் 100 சாதாரணம். இசைக்கென்றே செய்யும் அடைப்பான்கள் எல்லா ஒலியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும், அதனால் பாட்டு மந்தமாகாது. அந்தப் பெரியவர் சொன்ன நாளிலிருந்து மிக்ஸர் பக்கத்தில் ஒரு டப்பா நிறைய அடைப்பான் வைத்திருக்கிறேன். கேட்டால் கொடுப்பேன், கேளுங்கள்.

* * *

எனக்கு வேலை இரவு நேரத்தில், நிகழ்ச்சிகளுக்குப் போவது அபூர்வம். புது வெளியீடுகள் வழியாகத்தான் இவர்களோடு இருக்கிறேன், இதுவும் தொடர்வதுதான் என்று நினைக்கிறேன்.

2020 மார்ச் 20-ஆம் தேதி, எல்லா அரங்கும் மூடிக் கிடந்தபோது, குழுக்கள் தங்கள் பாடல்களை நேரடியாக விற்கும் இணையதளமான பேண்ட்கேம்ப் தன் பங்கை அன்று ஒருநாள் விட்டுக்கொடுத்தது. மற்ற நாள்களில் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுப்பார்கள். அன்று நான் நேரில் ஒருமுறைகூடக் கேட்காத குழுக்களின் பாடல்களை எல்லாம் வாங்கினேன். வாங்கும்போது ஒரு வரி எழுத இடம் இருக்கும். ஒரு குழுவுக்கு, "நைட் ஷிப்டில் மூன்று மணிக்குத் தூக்கம் வரும்போது உங்கள் நாலாவது பாட்டைத்தான் போடுவேன்" என்று எழுதினேன். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. அந்தப் பாட்டை எழுதியவர் தானும் இரவு வேலைக்காரராம், அதன் தாளம் அவர் நிற்கும் இயந்திரத்தின் சத்தமாம். அதற்கப்புறம் அந்தப் பாட்டில் அந்த இயந்திரத்தைக் கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

இன்னொரு விஷயமும் சொல்கிறேன், யாரையும் குறை சொல்ல அல்ல. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு முந்தைய 12 மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்பட்டிருந்தால்தான் ஒலிப்பதிவுக்கான பங்குத் தொகை கணக்கில் வரும். நாற்பது பேர் உயிராகக் கேட்கும் பாட்டு அந்தக் கோட்டைத் தாண்டாமல் போகலாம். அந்த நாற்பதில் ஒருவராக இருந்தால் நேரடியாக வாங்குங்கள், ஒரு வரி எழுதுங்கள். அந்த வரியைப் படிக்கிறார்கள், எனக்குத் தெரியும்.

* * *

நான் எழுத ஒன்றும் பெரிதாக இல்லை. என் மகள் பதினாலு வயசில் முதன்முதலாக ஒரு நிகழ்ச்சிக்கு என்னோடு வந்தாள். பாட்டு நடுவே கிட்டார் கம்பி அறுந்தது. வாசித்துக்கொண்டிருந்தவர் புதுக் கம்பி மாட்டி, சுருதி சேர்த்து முடிக்கும் வரை மற்றவர்கள் அதே இடத்தைச் சுற்றிச் சுற்றி வாசித்துக் காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பில் பேஸ் வாசித்தவர் கண்டுபிடித்த ஒரு சின்னச் சுழற்சி, ஒரு வருஷம் கழித்து வந்த பாட்டின் தொடக்கமாக இருந்தது. முதல் இரண்டு விநாடியிலேயே மகள் கண்டுபிடித்துவிட்டாள். "அப்பா, கம்பி அறுந்த நாள்!" என்று கத்தினாள். இப்போது அவளே பேஸ் கற்கிறாள்.

* * *

முதலில் எழுதியவன், மூன்று வாரம் கழித்து.

எல்லாக் குழுக்களுக்கும் எழுதினேன். ஒரு குழு இரண்டு பதிவுகளை அழிக்கச் சொன்னது, அழித்துவிட்டேன். இரண்டு குழுக்கள் இன்னும் பதில் போடவில்லை, அவர்களுடையதை யாருக்கும் காட்டாமல் அப்படியே வைத்திருக்கிறேன். ஒரு குழு தங்களிடம் எதுவுமே இல்லை என்று எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொண்டது. அதில் ஒன்றில் அவர்கள் முற்றிலும் மறந்துபோன ஒரு பாட்டு இருந்ததாம்.

சாவிப் பாட்டின் முழு வடிவம் பதிவாகிவிட்டது. பாடகி என் பழைய பதிவை டிரம்மருக்கு அனுப்பியிருக்கிறார். மூன்றாம் சரணத்தின் அந்தக் கடைசி வரியை அவர் அங்கிருந்தபடியே, தன் வீட்டு அறையில் பாடிப் பதிவு செய்து அனுப்பினார். அதைத்தான் ஆல்பத்தில் சேர்க்கிறார்கள்.

ஒலி அமைப்பு அண்ணா, உங்கள் பேச்சைக் கேட்டு அடைப்பான் வாங்கிவிட்டேன். நாளைக்கு நான்கு குழுக்கள் வாசிக்கிறார்கள். முதலில் மேடையேறுகிறவர்களை இதுவரை கேட்டதில்லை. கதவு திறக்கும்போதே போய்விடுவேன், இடது பக்கம் நிற்பேன்.