ஊருக்குப் புதுசா? அவசரத்துக்குக் கூப்பிட்ட அனுபவத்தை எழுதுங்கள் (ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி)

சிப்காட் புதுமுகம்:

மதுரைப் பக்கமிருந்து வேலைக்காக ஓசூர் வந்திருக்கிறேன். போன வாரம் நடுராத்திரி பக்கத்து ரூம் பையனுக்கு வலிப்பு வந்துவிட்டது. 108 அடித்ததும் எடுத்துவிட்டார்கள். எந்த மாவட்டம், எந்தத் தாலுகா, எந்த ஊர், பக்கத்தில் என்ன இருக்கிறது என்று வரிசையாகக் கேள்வி. "ராயக்கோட்டை ரோடு" என்றேன். "எந்த ஊர் ராயக்கோட்டை ரோடு சார்?" என்றது மறுமுனை. ஓசூரிலும் ஒன்று, கிருஷ்ணகிரியிலும் ஒன்று இருக்கிறதாம்! அதற்குள் கீழ் வீட்டுப் பாட்டி மாடியேறி வந்து போனை வாங்கி, ஊர் பெயர், கோயில், ரேஷன் கடை என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தார். வண்டி வந்தது, பையன் இப்போது நன்றாக இருக்கிறான். பாட்டி ஊருக்குப் போயிருந்தால் என்ன செய்திருப்பேன் என்றுதான் யோசிக்கிறேன். 100, 101, 108 எல்லாம் பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். அதைத் தாண்டி இந்தப் பக்கத்தில் என்ன தெரிந்திருக்க வேண்டும்? பட்டவர்கள் சொல்லுங்கள்.

பாகலூர் ரோடு அண்ணாச்சி:

தம்பி, 108க்கு நீங்கள் பேசுவது ஓசூரில் இருக்கிற ஆளிடம் இல்லை. தமிழ்நாடு முழுக்க வரும் அழைப்பைச் சென்னையில் உட்கார்ந்து எடுக்கிறார்கள். 2008இல் இந்தச் சேவை வந்ததிலிருந்தே அப்படித்தான். அங்கே போய் "முக்கு டீக்கடை பக்கத்துல" என்றால் அவர்கள் என்ன செய்வார்கள், பாவம்? அவர்களுக்கு மாவட்டம், தாலுகா, ஊர் மூன்றும் வேண்டும். அதை வைத்துத்தான் பக்கத்தில் எந்த வண்டி நிற்கிறது என்று பார்த்து அனுப்புவார்கள். அப்புறம் வண்டியிலிருந்தே உங்களுக்கு போன் வரும். அவர்கள் இந்தப் பக்கம் ஓடிப் பழகியவர்கள். டீக்கடை, அரச மரம், முட்டுச்சந்து எல்லாம் அவர்களிடம் சொல்லுங்கள். தெரியாத நம்பர் என்று கட் பண்ணிவிட்டு, "ஆம்புலன்ஸ் வரவேயில்லை" என்று திட்டுகிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. நம்மூர் லேஅவுட் பெயர்களை நம்பாதீர்கள். பிளாட் போட்டவர் ஆர்ச் கட்டி ஏதாவது 'என்கிளேவ்', 'கார்டன்' என்று எழுதி வைத்திருப்பார். அந்த ஆர்ச்சைத் தாண்டினால் அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. அந்த நிலம் எந்தக் கிராமத்தைச் சேர்ந்தது என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். வாடகை பேசும்போதே கேட்டுவிடுவது உத்தமம். சில பெரியவர்கள் இன்னமும் "தர்மபுரி மாவட்டம்" என்றே விலாசம் சொல்வார்கள். கிருஷ்ணகிரி பிரிந்தது 2004இல், ஆனால் வாய்ப்பழக்கம் போகவில்லை. அதை அப்படியே போனில் ஒப்பித்துவிடாதீர்கள். ராத்திரியாக இருந்தால் ஓர் ஆளை மெயின் ரோட்டில் நிறுத்தி செல்போன் டார்ச்சை ஆட்டச் சொல்லுங்கள். எந்த மேப்பும் அதற்கு ஈடில்லை.

தொப்பூர் இறக்கம்:

லாரி ஓட்டுகிறேன். ஹைவேயில் ஊர் பெயர் சொல்லிப் பிரயோஜனமில்லை, கிலோமீட்டர் கல்லைப் பாருங்கள். கல்லில் இருக்கும் எண்ணையும், நீங்கள் நிற்பது சேலம் போகும் பக்கமா பெங்களூரு போகும் பக்கமா என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நடுவில் தடுப்பு. வண்டி எதிர்ப்பக்கம் வந்துவிட்டால் உங்களைக் கண்ணால் பார்த்துக்கொண்டே போய், எங்கேயோ திரும்பித்தான் வர முடியும். தொப்பூர் கணவாயில் இது ரொம்ப முக்கியம். சேலம் போகும் பக்கம் முழுக்க இறக்கம், அடிபடுவதெல்லாம் பெரும்பாலும் அங்கேதான். டீசலை மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விடுகிற புத்திசாலிகள் இன்னும் இருக்கிறார்கள். அது தனிக் கதை.

அங்கே மாவட்ட எல்லையும் உண்டு. தொப்பூர் தர்மபுரி மாவட்டம். கீழே தீவட்டிப்பட்டி போய்விட்டால் சேலம் மாவட்டம். குழப்பமாக இருந்தால் 1033 அடியுங்கள். தேசிய நெடுஞ்சாலைக்காரர்கள் எண், 24 மணி நேரமும் உண்டு. ஆம்புலன்ஸ், கிரேன், ரோந்து வண்டி மூன்றையும் அதிலேயே கேட்கலாம். பஞ்சராகி நடுரோட்டில் நின்றால்கூட நான் முதலில் அடிப்பது அதைத்தான். பின்னால் வருகிறவன் தூங்கிக்கொண்டே வருவான், யாருக்குத் தெரியும்?

ஜூஜூவாடிக்காரி:

எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் அத்திப்பள்ளி தெரியும். என் மாமனாருக்கு நெஞ்சுவலி வந்து 108 அடித்தால் மறுமுனையில் கன்னடம். என் போன் எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள டவரைப் பிடித்திருக்கிறது. கர்நாடகாவிலும் ஆம்புலன்ஸுக்கு 108தான். எனக்கு அரைகுறைக் கன்னடம் வரும், "தமிழ்நாடு, ஓசூர்" என்றதும் அவர்களுக்கும் புரிந்துவிட்டது. அதற்குள் வீட்டுக்காரர் தன் போனில் அடிக்க, அது தமிழில் எடுத்தது. வேறு கம்பெனி சிம். எல்லையோரம் வீடு பார்க்கிறவர்கள் வீட்டில் இரண்டு கம்பெனி சிம் வைத்துக்கொள்ளுங்கள். எடுத்தவுடன் முதல் வார்த்தையாக மாநிலத்தைச் சொல்லிவிடுங்கள்.

சிப்காட் புதுமுகம்:

அக்கா, மாமனார் இப்போது எப்படி இருக்கிறார்?

ஜூஜூவாடிக்காரி:

ஸ்டென்ட் வைத்தாச்சு தம்பி. டாக்டர் நடக்கச் சொன்னால் பேப்பர் கடை வரைக்கும் போய் அரசியல் பேசிவிட்டு வருகிறார்.

மலைப் பள்ளி டீச்சர்:

நான் வேலை பார்த்தது அரூர் பக்கம் சித்தேரி மலையில். டவுனில் இருப்பவர்கள் வண்டி வீட்டு வாசலுக்கு வரும் என்று காத்திருக்கலாம். மலையில் அது நடக்காது. மாலையில் விறகு எடுக்கப் போன ஓர் அம்மாவுக்குக் காலில் பாம்பு கடித்துவிட்டது. மேலே ஒரு பாறைக்குப் போனால்தான் சிக்னல். அங்கிருந்து 108 பேசிவிட்டு, ஊரில் இருந்த குட்டி யானையில் பாய் விரித்து அவரைப் படுக்க வைத்து இறக்கினோம். ஆம்புலன்ஸ் கீழிருந்து ஏறி வந்து பாதி வழியில் எங்களைப் பிடித்தது. "நாங்களும் இறங்கி வருகிறோம், இன்ன ரோட்டில்" என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒருவரை ஒருவர் தாண்டிப் போய்விடுவோம்.

கடிவாய்க்கு மேல் கயிறு கட்ட ஒருவர் துண்டை எடுத்துவிட்டார். தடுத்து நிறுத்தினேன். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. எலும்பு முறிந்த காலை வைப்பதுபோல அசையாமல் வைத்து, மெட்டி, கொலுசைக் கழற்றிவிட்டு, கடித்த நேரத்தை ஒரு சீட்டில் எழுதி சட்டைப் பையில் போட்டு அனுப்பினால் போதும். பாம்பை அடித்துத் தூக்கிப்போக வேண்டிய அவசியமும் இல்லை. மலைக்கு மாற்றலாகி வரும் டீச்சர்கள், நர்ஸுகள் முதல் வாரமே இரண்டு விஷயம் விசாரித்து வையுங்கள்: ராத்திரியிலும் திறந்திருக்கும் ஆரம்ப சுகாதார நிலையம் எது, ஊரில் யார் வீட்டில் வண்டி இருக்கிறது.

கேஆர்பி டேம்:

பாம்பு வீட்டுக்குள் இருந்தால் 101. தீயணைப்புக்காரர்கள் பிடித்துக்கொண்டு போவார்கள். கிணற்றில் மாடு விழுந்தாலும் அவர்கள்தான். எந்த நம்பர் என்று தலை ஓடாவிட்டால் 112, அது போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் எல்லாவற்றுக்கும் பொது. இப்போதைய ஸ்மார்ட்போனில் பவர் பட்டனை அடுத்தடுத்து அழுத்தினாலே அவசர அழைப்பு போகும். எத்தனை தடவை என்பது போனுக்குப் போன் மாறும், செட்டிங்ஸில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாகலூர் ரோடு அண்ணாச்சி:

விபத்தில் கிடப்பவரைத் தூக்கினால் கேஸ், கோர்ட் என்று அலைய விடுவார்கள் என்ற பயம் இன்னும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இலேயே 134ஏ பிரிவு சேர்த்துவிட்டார்கள். உதவி செய்தவரைப் பெயர் சொல்லக்கூடக் கட்டாயப்படுத்த முடியாது. பணத்துக்கு யோசிப்பவர்களுக்கு: 'நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்து என்றால் முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை. அடிபட்டவர் பீகார்க்காரராக இருந்தாலும் உண்டு, காப்பீட்டு அட்டையும் வேண்டாம். எல்லாத் தனியார் மருத்துவமனையிலும் கிடைக்காது, திட்டத்தில் சேர்ந்ததா என்று கேட்டுவிட்டு இறக்குங்கள்.

ஷிப்ட் சூப்பர்வைசர்:

பீகார் என்றதும் ஞாபகம் வந்தது. எங்கள் யூனிட்டில் பாதிப்பேர் பீகார், ஒடிசா பையன்கள். அவர்களில் ஒருவனிடம் எங்கே தங்கியிருக்கிறாய் என்றால் "சிப்காட்" என்பான். இங்கே சிப்காட் ஒன்று, இரண்டு என்று இருக்கிறது, அதிலும் எந்த மூலை? அதனால் ஒவ்வொரு ரூமுக்கும் மாவட்டம், தாலுகா, ஊர், பக்கத்து அடையாளம், வீட்டுக்காரர் நம்பர் என்று ஒரே தாளில் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் அச்சடித்துக் கதவுக்குப் பின்னால் ஒட்ட வைத்தோம். தமிழ் வரியை இந்தி எழுத்தில் எழுதியிருப்பதால், படிக்கத் தெரிந்தவன் அப்படியே போனில் வாசித்துவிடலாம். ஊர் பெயரை மட்டும் மாற்றினால் யாரும் பயன்படுத்தலாம். தாளின் போட்டோ வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன்.