புதுப்பிப்பு: இரைப்பையில் கசிவுள்ள நாய்க்கு ஹெப்பாரின் இல்லாமல் டயாலிசிஸ்

எலிக்காய்ச்சலால் சிறுநீரகம் செயலிழந்த நாய்க்கு இரைப்பையில் இரத்தக் கசிவும் இருந்தால், கசிவைக் கூட்டக்கூடிய ஹெப்பாரின் (வழக்கமான உறைவுத் தடுப்பு மருந்து) இல்லாமல் டயாலிசிஸ் குழாயில் இரத்தம் உறையாமல் தடுப்பது எப்படி என்று கோலாலம்பூர் செந்தூலிலிருந்து கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. நாய் பிழைத்துக்கொண்டது.

கைகொடுத்தது பதில் எழுதியவர்களில் ஒருவரான பினாங்கு மருத்துவர் சொன்ன நாஃபமோஸ்டாட் என்ற குறுகிய நேர உறைவுத் தடுப்பு மருந்து. அதன் அரை ஆயுள் (இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையும் நேரம்) சுமார் 8 நிமிடம்தான். ஹெப்பாரின் அதைவிடப் பல மடங்கு நேரம் உடலில் தங்கும். குழாயின் முகப்பில் செலுத்தும் மருந்தில் ஒரு பகுதி வடிகட்டியிலேயே வெளியேறிவிடுகிறது, மீதி உடலுக்குள் போனதும் வேகமாகச் சிதைந்துவிடுகிறது. உறைவு நேரத்தை இரண்டு இடங்களில் பார்த்தோம்: வடிகட்டிக்குப் பின் நன்றாக நீண்டிருந்தது, நாயின் உடலில் ஏறக்குறைய இயல்பு. இரைப்பைக் கசிவால் வந்த மலத்தின் கருமையும் படிப்படியாகக் குறைந்தது.

குழாயில் உறைவைத் தடுக்க சிட்ரேட் செலுத்தலாம் என்ற யோசனையும் நல்லதுதான். ஆனால் அது கால்சியத்தைப் பிணைத்துவிடுவதால், நாய்க்குத் தனியே கால்சியம் ஏற்றி அடிக்கடி இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். இரவில் ஒரே தாதி இருக்கும் கிளினிக்குக்கு அது கட்டுப்படியாகாது.

எதிர்பாராதது வடிகட்டி விவகாரம். கையிருப்பில் இருந்த வடிகட்டியில் ஏஎன்69 (AN69) என்ற வகைச் சவ்வு. எதிர்மின்னூட்டமுள்ள அந்தச் சவ்வு நாஃபமோஸ்டாட்டை உறிஞ்சிக்கொள்ளும் என்று தெரிந்ததும் பாலிசல்ஃபோன் என்ற வேறு வகைச் சவ்வுக்கு மாறினோம். நாஃபமோஸ்டாட் தூளை நேரடியாக சலைனில் (உப்புக் கரைசல்) கரைக்காதீர்கள், பால்போல் கலங்கிவிடும். முதலில் 5% குளுக்கோஸ் கரைசலில் கரையுங்கள். பொட்டாசியத்தின் மீதும் ஒரு கண் இருக்கட்டும், இந்த மருந்து அதை ஏற்றிவிடக்கூடும்.