நாம்சே பஜாரில் அடிப்பாகம் பிளந்த மலையேற்றக் காலணி: ஆலோசனை தேவை

எவரெஸ்ட் அடிவார முகாமுக்குச் செல்லும் வழியில், 3,440 மீட்டர் உயரத்திலுள்ள நாம்சே பஜாரில் தங்கியிருக்கிறேன். லுக்லாவிலிருந்து நடந்து வந்தபோது, ஹிலாரி தொங்குபாலத்தைத் தாண்டியதும் தொடங்கும் செங்குத்தான ஏற்றத்தில், இடது காலணியின் அடிப்பாகம் குதிகால் பக்கமாகப் பிளந்துவிட்டது. வலதிலும் அதே இடத்தில் மெல்லிய விரிசல் தெரிகிறது.

கணுக்கால் வரை மூடும் தோல் காலணி, ஐரோப்பிய அளவில் 46. வாங்கி ஏழெட்டு ஆண்டுகள் இருக்கும், பெரும்பாலும் பெட்டியிலேயே இருந்தது. மேல்தோலில் ஒரு குறையும் இல்லை. நடுவிலுள்ள பாலியூரித்தேன் அடுக்குதான் விரல் பட்டாலே நமத்த ரஸ்க் போல உதிர்கிறது. காற்றின் ஈரப்பதத்தால் இப்பொருள் நாளடைவில் தானே சிதையும் என்பதால், தையலும் இதில் நிற்காது என்றே கருதுகிறேன்.

பசை தடவி இரவு முழுவதும் கல்லை ஏற்றி வைத்தேன்; காலையில் சியாங்போச்சே மேட்டில் ஏறும்போதே விட்டுவிட்டது. சுற்றிய ஒட்டுநாடா கற்படிகளில் தேய்ந்து அறுந்தது. இங்குள்ள கடைகளில் 44க்கு மேல் கிடைக்கவில்லை, வாடகைக்கும் இல்லை.

கைவசம் இருப்பது சாதாரண ஓட்டக் காலணி மட்டுமே. லொபுச்சேக்கு அப்பால் கும்பு பனியாற்றை ஒட்டிய கற்குவியல் பாதையை அக்டோபர் இறுதியில் இத்தகைய காலணியுடன் கடந்தவர்கள் சொல்லுங்கள்: கோரக் ஷெப் வழியாக 5,364 மீட்டரிலுள்ள முகாம் வரை சென்று திரும்ப அது தாங்குமா?